கடலுக்கு வயசு பார்த்தவர்: யார் இந்த தேவேந்திர லால்?

தேனி மாவட்டம் தேவாரத்தில் ஐப்பசி மழை அடித்துப் பெய்தால், மலைச்சரிவில் இறங்கும் தண்ணீர் ஓடைகளில் சேர்ந்து, கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து, வைகை வழியாகக் கிழக்குக் கடலை நோக்கிப் போகும். சரிவின் மறுபக்கம், ஏலத்தோட்டங்களில் விழும் மழை மேற்கே அரபிக் கடலுக்குப் போகும். இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

தெரியாத ஒன்று இருக்கிறது. அந்த மழைத்துளிகளில் பெரிலியம்-7 என்ற கதிரியக்க அணுக்கள் கொஞ்சம் இருக்கும். எந்தத் தொழிற்சாலையும் அதைக் கலக்கவில்லை. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதியதால் உண்டானவை அவை. உடம்புக்குக் கெடுதல் செய்யும் அளவெல்லாம் கிடையாது. 53 நாளில் பாதியாகக் குறைந்துவிடும்.

பாதியாகக் குறைய எவ்வளவு காலம் ஆகும் என்பது தெரிந்தால், அதையே ஒரு கடிகாரமாக வைத்துக்கொள்ளலாம். பறித்த ஏலக்காயின் பச்சை எவ்வளவு வெளிறியிருக்கிறது என்று பார்த்தே, பறித்து எத்தனை நாளாச்சு என்று போடி வியாபாரி சொல்லிவிடுவார். கிட்டத்தட்ட அதே மாதிரிதான். மழைநீருக்கும் கடல்நீருக்கும் கடலடிச் சேற்றுக்கும் இப்படி வயசு சொல்ல வழி காட்டியவர்களில் முக்கியமானவர், இந்தியரான தேவேந்திர லால்.

பொட்டிபுரத்துக்கு வேண்டியது அமைதி

தேவாரத்தை ஒட்டிய பொட்டிபுரம் பலருக்கும் நினைவிருக்கும். இந்திய நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்காகத் தேர்வான இடம் அது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பிறகு மக்கள் எதிர்ப்பு, வழக்குகள் என்று நீண்டு, 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைத் தெரிவித்தது. அந்த விவாதம் தனிக்கதை.

இங்கே நமக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம். ஏன் அந்த மலை? காஸ்மிக் கதிர்களுக்காக.

இந்தக் கட்டுரையை நீங்கள் படிக்கும் ஒவ்வொரு நிமிடமும், காஸ்மிக் கதிர்களால் உண்டான மியூவான் துகள்கள் நூறு அளவில் உங்கள் போன் திரையைத் துளைத்துக்கொண்டு போகின்றன. நியூட்ரினோவைத் தேடுபவர்களுக்கு இது பெரிய இரைச்சல். சந்தைக்கடையில் நின்று போன் பேசுவது போல. அதனால்தான் சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை இருக்கும் இடத்தைத் தேடினார்கள். 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்தவர்களில், மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகளும் உண்டு.

அதே நிறுவனத்தில், அதே காலத்தில், இன்னொரு குழு இதற்கு நேர் எதிரான வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் இரைச்சல் என்று ஒதுக்கியதைக் கடிகாரமாக மாற்றும் வேலை. அந்தக் குழுவில் வளர்ந்தவர்தான் லால்.

வாரணாசியிலிருந்து பம்பாய்

தேவேந்திர லால் பிறந்தது 1929 பிப்ரவரி 14, வாரணாசியில். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முதுகலை முடித்து, 1949-ல் டாடா நிறுவனத்தில் சேர்ந்தார். ஹோமி பாபா தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு அப்போது நான்கே வயது. இன்றுள்ள கொலாபா வளாகமெல்லாம் அப்போது கிடையாது. கேட்வே ஆஃப் இந்தியா பக்கத்தில் பழைய யாட் கிளப் கட்டடத்தில் இயங்கிக்கொண்டிருந்தது.

பெரிய துகள் முடுக்கிகள் வாங்க அன்றைய இந்தியாவிடம் காசு கிடையாது. ஆனால் காஸ்மிக் கதிர்கள் இலவசம். வானத்திலிருந்து தானாக வந்து விழுகின்றன. பலூனில் ஒளிப்படத் தகடுகளைக் கட்டி மேலே அனுப்பினால், துகள்கள் அதில் கோடு கிழித்துவிட்டுப் போகும். திரும்பி வந்த தகடுகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, மணிக்கணக்கில் உட்கார்ந்து கோடுகளைப் படிக்க வேண்டும். லாலும், பின்னாளில் நாடறிந்த யஷ் பாலும் அங்கே இப்படித்தான் தொடங்கினார்கள்.

சந்தேகத்துக்கு ஆளான ஆசிரியர்

லாலின் வாழ்க்கையைத் திருப்பியவர் பெர்னார்ட் பீட்டர்ஸ். ஜெர்மனியில் பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் டாகாவ் முகாமில் அடைக்கப்பட்டு, தப்பி அமெரிக்கா போனவர். பெர்க்லியில் ஓப்பன்ஹைமரின் மாணவர். ஓப்பன்ஹைமர் படம் பார்த்தவர்களுக்கு அந்தக் காலத்து அமெரிக்காவின் கம்யூனிஸ்ட் வேட்டை தெரிந்திருக்கும். 1949-ல் நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன்னால் ஓப்பன்ஹைமர் தன் பழைய மாணவரைப் பற்றியே பாதகமாகச் சாட்சி சொன்னார். அது பத்திரிகையில் கசிந்தது. பின்னர் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி சரிக்கட்டப் பார்த்தாலும், பீட்டர்ஸுக்கு நேர்ந்த கெட்ட பெயர் போகவில்லை.

1950களின் தொடக்கத்தில் பீட்டர்ஸ் பம்பாய்க்கு வந்தார். அமெரிக்கா சந்தேகப்பட்ட அந்த மனிதரை பாபா பேராசிரியராக வைத்துக்கொண்டார். இந்தியாவுக்கு அது பெரிய லாபமாக முடிந்தது.

பீட்டர்ஸ் யோசித்தது இதுதான். காஸ்மிக் கதிர்கள் காற்றில் உள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களை உடைக்கின்றன. உடைந்த துண்டுகளில் சில கதிரியக்க பெரிலியமாக இருக்க வேண்டும். காற்றில் உண்டானது மழையில் இறங்கும். மழை கடலில் சேரும். கடலில் சேர்ந்தது மெல்ல மெல்ல அடியில் படியும். அப்படியானால் மழையிலும் கடல் சேற்றிலும் தேடினால் கிடைக்க வேண்டும். இந்தக் கணிப்பை 1955-ல் இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் வெளியிட்டார்.

மழையில் கிடைத்தது

கணிப்பது சுலபம், கண்டுபிடிப்பது கஷ்டம். கிடைக்கும் அணுக்கள் அவ்வளவு சொற்பம். ஏராளமான மழைநீரைச் சேர்த்து, அதிலிருந்து பெரிலியத்தை மட்டும் வேதிமுறையில் பிரித்தெடுத்து, மிகமிக மெல்லிய கதிரியக்கத்தை எண்ண வேண்டும். பம்பாயில் நல்ல வேளையாக மழைக்குப் பஞ்சமில்லை. லால், கோயல், ராமா உள்ளிட்ட இளைஞர்கள் களத்தில் இறங்கினார்கள். மழைநீரில் பெரிலியம் ஐசோடோப்புகளைக் கண்டது பற்றிய அவர்களின் கட்டுரை 1956-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே ஆழ்கடல் சேற்றில் பெரிலியம்-10 பற்றிய கட்டுரையும் வந்தது.

இந்தப் பந்தயத்தில் அவர்கள் தனியாக ஓடவில்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் அர்னால்டும் அதே நேரத்தில் அதே அணுக்களைத் தேடிக் கண்டுபிடித்தார். வேறு யாராக இருந்தாலும் யார் முதல் என்று சண்டை போட்டிருப்பார்கள். லாலும் அர்னால்டும் பின்னாளில் சேர்ந்தே வேலை செய்தார்கள்.

1950களின் இறுதியில் பீட்டர்ஸ் கோபன்ஹேகனுக்குப் போய்விட்டார். ஆனால் குருவும் சீடரும் விட்டுவிடவில்லை. காஸ்மிக் கதிர்கள் பூமியில் என்னென்ன கதிரியக்க அணுக்களை, எந்த உயரத்தில், எவ்வளவு உண்டாக்குகின்றன என்று இருவரும் சேர்ந்து போட்ட கணக்கு 1967-ல் வெளியானது. பல தலைமுறை ஆய்வாளர்கள் அதை அடிப்படையாக வைத்தே வேலை செய்தார்கள்.

கடல் எவ்வளவு வேகமாகப் புரளும்?

இதெல்லாம் சும்மா ஆர்வத்துக்கா? இல்லை. 1950களில் கடல் பற்றிய ஒரு கேள்வி ரொம்ப அவசரமானது.

அணு உலைக் கழிவுகளைச் சில நாடுகள் பீப்பாய்களில் அடைத்துக் கடலில் போட்டுக்கொண்டிருந்தன. ஆழத்தில் உள்ள தண்ணீர் மேலே வர ஆயிரம் வருஷம் ஆகும் என்றால் ஒரு கதை. பத்து வருஷத்தில் வந்துவிடும் என்றால் அது வேற கதை. நாம் எரிக்கும் பெட்ரோல், நிலக்கரியின் கரியமில வாயுவை கடல் எவ்வளவு வேகமாக உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதும் இதே கேள்விதான். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆழ்கடல் நீரோட்டம் அவ்வளவு மெதுவானது. தண்ணீருக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருந்தால்தான் பதில் கிடைக்கும்.

கார்பன்-14 ஒரு கடிகாரம். அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். பசிபிக்கின் ஆழத்து நீர் மேற்பரப்பை விட்டுப்போய் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு ஆகிறது என்று அது காட்டியது. ஆனால் 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14-ஐக் கொட்டிக் குழப்பின. ஒரே கடிகாரத்தை நம்பி இருக்க முடியாது. கடலின் வேறுவேறு வேலைகளுக்கு வேறுவேறு கடிகாரங்கள் வேண்டும். லால் தேடிப்போனது அதைத்தான்.

கடற்பஞ்சு செய்த உதவி

லால் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்துக்குப் போனார். அங்கே எட்வர்ட் கோல்ட்பர்க், மினோரு கோய்டே ஆகியோருடன் சேர்ந்து சிலிக்கன்-32-ஐத் தேடினார். காற்றில் உள்ள ஆர்கான் அணு உடைவதால் உண்டாகும் ஐசோடோப் இது. இன்றைய கணக்குப்படி, மொத்த பூமியிலும் இருப்பது தோராயமாக ஒரு கிலோவுக்கும் குறைவு. அதுவும் எல்லாக் கடல்களிலும் கரைந்து பரவிக் கிடக்கிறது.

இதை எப்படிப் பிடிப்பது? குழு இயற்கையிடமே வேலையை விட்டது. சில கடற்பஞ்சுகள் தங்கள் எலும்புக்கூட்டைச் சிலிக்காவால் கட்டிக்கொள்கின்றன. வாழ்நாள் முழுக்கக் கடல்நீரை வடிகட்டி, அதில் கரைந்துள்ள சிலிக்காவைச் சேர்த்து வைக்கின்றன. அந்தக் கடற்பஞ்சுகளைச் சோதித்தபோது சிலிக்கன்-32 கிடைத்தது. 1960-ல் சயின்ஸ் இதழில் முடிவு வெளியானது.

அளக்கும் முறையும் பொறுமையைச் சோதிக்கும். சிலிக்கன்-32 சிதைந்து பாஸ்பரஸ்-32 ஆகும். அதன் அரை ஆயுள் 14 நாள். முதலில் சிலிக்காவைச் சுத்தமாகப் பிரிக்க வேண்டும். பிறகு பாஸ்பரஸ் சேரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சேர்ந்ததும் பாஸ்பரஸை மட்டும் கறந்து எடுத்து எண்ண வேண்டும்.

எல்லா இடத்திலும் கடற்பஞ்சு கிடைக்காதே? அதற்கும் வழி கண்டார்கள். பஞ்சு மாதிரியான பொருளில் இரும்பு ஹைட்ராக்சைடை ஏற்றிக் கடல்நீரில் வைத்தார்கள். துரு போன்ற அந்தப் படலம், தன்னைத் தாண்டிப்போகும் நீரிலிருந்து சிலிக்கனையும் பெரிலியத்தையும் பிடித்துக்கொண்டது. டன் கணக்கில் தண்ணீரைக் கப்பலில் ஏற்றும் தேவை போச்சு. லால், அர்னால்ட், சோமயாஜுலு மூவரும் 1964-ல் இந்த வழியைச் சொன்னார்கள். 1970களில் அட்லாண்டிக், பசிபிக், இந்தியப் பெருங்கடல்களை அளந்த ஜியோசெக்ஸ் என்ற பெரிய ஆய்வுத் திட்டத்திலும் இதே யுக்தியின் செயற்கை இழை வடிவம் கடலில் இறங்கியது.

கடிகாரமே தப்பா ஓடினால்?

இங்கேதான் கதையில் சிக்கல். சிலிக்கன்-32-ன் அரை ஆயுள் 700 ஆண்டு அளவில் என்று 1950களில் கணக்கிட்டிருந்தார்கள். ஆயிரம் ஆண்டில் புரளும் கடலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அது பொருந்தியது. ஆனால் 1980-ல் புதிய கருவிகளால் அளந்தபோது, நூறு ஆண்டு அளவில்தான் என்று வந்தது. இன்று ஏற்கப்படுவது 150 ஆண்டை ஒட்டிய அளவு.

பெரிலியம்-10-க்கும் இதே கதி. 25 லட்சம் ஆண்டு என்று நினைத்திருந்த அதன் அரை ஆயுள், இன்று 13.9 லட்சம் ஆண்டு என்று நிலைபெற்றிருக்கிறது.

வாழ்நாள் உழைப்பைக் கொட்டிய கடிகாரம் வேற வேகத்தில் ஓடுகிறது என்று தெரிந்தால் என்ன செய்வது? அளந்த எண்கள் பொய்யாகிவிடாது. அவற்றுக்கான அர்த்தம்தான் மாறும். லாலின் குழு தரவுகளைத் திரும்ப எடுத்தது. ஆழ்கடலின் வயசைச் சொல்வதை கார்பன்-14-க்கு விட்டுவிட்டு, சிலிக்கன்-32-க்குப் பொருத்தமான கேள்வியைக் கொடுத்தார்கள். டயாட்டம் எனும் நுண்பாசிகள் மேற்பரப்பில் சிலிக்காவை எடுத்து, செத்து மூழ்கி, ஆழத்தில் கரைகின்றன. அந்தச் சுழற்சி எப்படி நடக்கிறது? ஜியோசெக்ஸ் அளவீடுகளை வைத்து சோமயாஜுலு, லால் மற்றும் சக ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்தார்கள்.

மேற்பரப்புக்கு இன்னொரு ஜோடிக் கடிகாரம் கிடைத்தது. பாஸ்பரஸ்-32-ன் அரை ஆயுள் 14 நாள், பாஸ்பரஸ்-33-க்கு 25 நாள். இரண்டும் சேர்ந்தே மழையில் வருகின்றன, ஆனால் வேறுவேறு வேகத்தில் குறைகின்றன. ஒரு மிதவை உயிரிக்குள் இரண்டும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்தால், அந்தப் பாஸ்பரஸ் கடலுக்குள் எத்தனை வாரமாகச் சுற்றுகிறது என்று சொல்லிவிடலாம். மீனுக்கும் மூலாதாரமான கடல் விளைச்சலின் வேகம் இதில் தெரியும்.

சில மில்லிமீட்டருக்கு 10 லட்சம் ஆண்டு

பெரிலியம்-10 மெதுவான வேலைகளுக்கான கடிகாரம். கரையிலிருந்து வெகுதூரத்தில், ஆழ்கடல் தரையில் சேறு ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் படிகிறது. அதை அளக்க இது உதவியது. ஆழ்கடல் தரையில் உருளைக்கிழங்கு போலக் கிடக்கும் மாங்கனீசு முடிச்சுகளிலும் சோமயாஜுலு இதைத் தேடி, 1967-ல் முடிவை வெளியிட்டார். அந்த முடிச்சுகள் 10 லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்கின்றன.

இது இன்றைய செய்தியும்கூட. மத்திய இந்தியப் பெருங்கடலில் இந்த முடிச்சுகளை ஆராயும் உரிமை இந்தியாவிடம் இருக்கிறது. அதற்கான தொழில்நுட்பம் சென்னையில் உருவாகிறது. வெட்டி எடுக்கலாமா வேண்டாமா என்று வாதம் நடக்கும்போது, எடுத்தால் திரும்ப வளர எவ்வளவு காலமாகும் என்ற எண் நம் கையில் இருக்க வேண்டும். அந்த எண் இப்படி வந்ததுதான்.

அகமதாபாத் ஆண்டுகள்

1971 டிசம்பரில் விக்ரம் சாராபாய் திடீரென மறைந்தார். அவர் நிறுவிய அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் பொறுப்பு 1972-ல் லாலிடம் வந்தது. மும்பையிலிருந்து தன் குழுவில் பலரையும் கூட்டிக்கொண்டு போனார். 1983 வரை இயக்குநராக இருந்தார்.

அந்த ஆய்வகத்தில் நிலாப் பாறை முதல் ஏரிச் சேறு வரை எல்லாம் ஆய்வுக்கு வந்தன. ஏரிப் படிவுகளின் வயதை ஈயம்-210 கொண்டு சொல்லும் முறையை, எஸ்.கிருஷ்ணசாமி, லால் உள்ளிட்டோர் 1971-லேயே காட்டியிருந்தனர். கடந்த நூறு ஆண்டில் ஓர் ஏரி எவ்வளவு தூர்ந்தது என்று கண்டுபிடிக்க உலகம் முழுக்க இன்றும் இது பயன்படுகிறது.

கடல்நீரில் இயல்பாகவே கரைந்திருக்கும் யுரேனியமும் அவர்களுக்குக் கருவியானது. யுரேனியம் கரைந்தே இருக்கும். அதிலிருந்து பிறக்கும் தோரியம் தூசுதுகள்களில் ஒட்டிக்கொண்டு மூழ்கும். யுரேனியத்தின் கணக்குக்குத் தோரியம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், கடல் தன்னைத்தானே எவ்வளவு வேகமாகச் சுத்தம் செய்துகொள்கிறது என்பது தெரியும்.

பட்நாகர் விருது 1967, பத்மஸ்ரீ 1971, லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் 1979 என்று பெருமைகள் வந்தன. 1967 முதலே ஸ்கிரிப்ஸிலும் பேராசிரியராக இருந்ததால், அவர் வாழ்க்கை இரண்டு கடற்கரைகளுக்கு இடையிலேயே ஓடியது.

மலைக்கும் ஒரு கடிகாரம்

பொதுவாக ஓய்வுபெறும் வயதில் லால் புதிதாக ஒன்றைத் தொடங்கினார். காஸ்மிக் கதிர்கள் காற்றோடு நிற்பதில்லை, பாறையின் மேற்பரப்பையும் தாக்குகின்றன. ஒரு கிராம் குவார்ட்ஸில், ஆண்டுக்கு நாலைந்து பெரிலியம்-10 அணுக்கள் உண்டாகும். பாறை வேகமாகத் தேய்ந்தால் அணுக்கள் குறைவாகச் சேரும், மெதுவாகத் தேய்ந்தால் நிறையச் சேரும். இந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று விளக்கி 1991-ல் அவர் எழுதிய கட்டுரை, நிலவியல் துறையில் மிக அதிகமாக எடுத்தாளப்படும் கட்டுரைகளில் ஒன்று.

இலங்கை மலையகத்தில் இந்த முறையை வைத்துச் செய்த ஆய்வு 2003-ல் வெளியானது. காடாக இருந்தபோது அந்தச் சரிவுகள் தேய்ந்த வேகத்தை ஆற்று மணலில் இருந்த பெரிலியம்-10 சொன்னது. விவசாயத்துக்காக வெட்டிய பிறகு மண் அரிக்கும் வேகம் அதைவிடப் பல மடங்கு. ஏலத்தோட்டம், காபி, தேயிலை என்று சரிவை நம்பியிருக்கும் எந்த மலைக்காரரும் கவனிக்க வேண்டிய எண் அது. ஒரு மழைக்காலத்தில் போகும் மண், திரும்ப உருவாக எத்தனை தலைமுறை ஆகும் என்று அது சொல்கிறது.

2012 டிசம்பர் 1 அன்று, 83 வயதில், அமெரிக்காவின் சான் டியேகோவில் லால் காலமானார்.

காசு இல்லாத காலத்தில், மழைத் தண்ணீரிலிருந்து தொடங்கிய வேலை அவருடையது. அது உறுதியாகச் சொன்ன செய்தி ஒன்று உண்டு. கடலில் நாம் போடுவது காணாமல் போவதில்லை, தாமதமாகிறது, அவ்வளவுதான். இன்று நம் வண்டிப் புகையிலிருந்து கடலுக்குள் போகும் கரியமில வாயுவில் ஒரு பங்கு, ஆழத்து நீரோடு சுற்றி மேலே வரும்போது நாமும் இருக்க மாட்டோம், நம் பேரப்பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள்.

அடுத்த முறை தேவாரத்துப் பக்கம் மழை பிடித்தால், அதில் பெரிலியம்-7 இருக்கும். 53 நாளில் பாதி, 106 நாளில் கால்வாசி. மழை ஓய்ந்த பிறகும் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.